கொலைக்கு மன்னிப்பு உண்டு, காதலுக்கு இல்லை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நட்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் இம்மன்றத்தார் என்னை அழைத்தார்கள். நட்பின் உயர்வை நம் மேடைகள் பேசாத நாளில்லை. ஆகவே, நட்பே ஒருவனுடைய உயிருக்கு உலை வைக்கும் ஓர் இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர்தான் அந்த இடம். அங்கே ‘மாரா’ என்று வழங்கப்படும் தெருக் கும்பல்களில், தன் உயிர் நண்பன்மீதே காதல் கொண்டுவிட்ட ஓர் உறுப்பினன் அதை ஏன் மறைக்கிறான், எப்படி மறைக்கிறான் என்பதே என் பொருள். பயத்தால் மறைக்கிறான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் அந்தப் பயம் யாருக்காக என்று கேட்கத் தொடங்கினால் விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது.

எல் சால்வடோர் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அளவே உள்ள நாடு. 1980 முதல் 1992 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டார்கள். உயிர் பிழைக்க அமெரிக்காவுக்கு ஓடிய குடும்பங்கள் பல லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் தங்கின. அங்கே மெக்சிக வழி இளைஞர்களின் கும்பல்கள் முன்பே இருந்தன. அவற்றுள் ஒன்று 18-ஆம் தெருவின் பெயரைத் தாங்கிய பாரியோ 18. சால்வடோர் பிள்ளைகள் சிலர் அதில் சேர்ந்தார்கள். வேறு சிலர் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்க, அதுவே பின்னாளில் எம்எஸ்-13 (மாரா சால்வட்ருச்சா) ஆயிற்று. போர் முடிந்ததும் அமெரிக்கா இவர்களைக் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தியது. கலைந்த குடும்பங்களும் வேலையில்லாத இளைஞர்களும் நிறைந்த ஒரு நாட்டில் அந்த இரண்டு பெயர்களும் வந்து இறங்கின. பிறகு நடந்ததை உலகம் அறியும். 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு நூற்றுக்கு மேல் என்ற கணக்கில் கொலைகள் விழுந்தன. பேருந்துக்காரர் முதல் தெருவோரத்தில் சோள அடை சுட்டு விற்கும் பெண்மணி வரை மாமூல் கட்டாமல் பிழைக்க முடியாத நிலை இருந்தது.

இவ்வளவும் செய்தித்தாளில் வருவது. நமக்கு வேண்டியது அந்தக் கும்பலுக்குள் இரண்டு இளைஞர்களுக்கு நடுவே என்ன நிகழ்கிறது என்பது.

பாரியோ 18-இல் ஒருவன் உறுப்பினனாகச் சேரும் முறையைக் கேளுங்கள். கூட்டாளிகள் சிலர் அவனைச் சுற்றி நின்று 18 விநாடிகள் அடிப்பார்கள். எம்எஸ்-13 என்றால் 13 விநாடிகள். எண்ணுவதற்கென்று ஒருவன் தனியே நிற்பான். அவன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவதில்லை. வேண்டுமென்றே இழுத்து இழுத்து எண்ணுவான். எண்ணி முடிந்த கணத்தில், அதுவரை அடித்த கைகளே கீழே கிடப்பவனைத் தூக்கி நிறுத்தி, மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு, வீட்டில் யாரும் அணைத்திராத பையனுக்கு, அந்த அணைப்பு என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு அவன் உண்பதும் உறங்குவதும் அவர்களோடுதான். ஒரே எண்ணைத் தோலில் பச்சை குத்திக்கொள்கிறான். எவனுக்காகச் சாகத் தயார் என்று சத்தியம் செய்கிறானோ அவனோடு இரவெல்லாம் தெருமுனையில் காவல் நிற்கிறான். எம்எஸ்-13 இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஆகவே அவனுடைய பாசம், கோபம், பொறாமை, பெருமை எல்லாம் பாய்வதற்கு ஆண்களைத் தவிர வேறு ஆள் அந்த வட்டத்துக்குள் இல்லை.

ஆண் ஆண்மீது வைக்கும் பற்றையே முதலாகப் போட்டு நடத்தப்படும் இப்படியோர் அமைப்பில்தான் ஆண் ஆணைக் காதலிப்பது மன்னிக்கப்படாத குற்றமாக இருக்கிறது. இரண்டு கும்பல்களிலும் இந்தத் தடை உண்டு. மீறினவனுக்குப் பெரும்பாலும் மரணம். வெளியிலிருந்து பார்க்கும்போது இது முரணாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கும்பல் அந்தப் பற்றை முழுவதுமாகத் தனக்கே கேட்கிறது. ஒருவன் இன்னொருவனைத் தனியாக, மற்றவர்களைவிட அதிகமாக நேசித்துவிட்டால், நாளை ‘அவனைக் கொல்’ என்ற உத்தரவு வரும்போது அந்தக் கை தயங்கும். பெண்ணைக் காதலித்தால் கும்பலுக்கு அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் அவள் வெளியாள். கூட்டாளியைக் காதலிப்பவனோ கட்டளை ஓடும் நரம்பின்மீதே கை வைத்துவிடுகிறான். ஆண்மைப் பெருமிதம், திருச்சபையின் போதனை, தெருவில் கிடைக்கும் ஏளனம் ஆகியவையும் காரணங்கள்தாம்; அந்த நாட்டில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தடையின் கொடுமைக்கு அவை மட்டும் போதா என்பது என் எண்ணம்.

நம் அகத்திணை மரபில் பாங்கற்கூட்டம் என்று ஒரு துறை இருப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். காதலில் விழுந்த தலைவன் முதலில் போய்ச் சொல்வது தன் பாங்கனிடம். பாங்கன் இடித்துரைப்பான், ‘உன் தகுதிக்கு இது அழகா’ என்பான், பின்பு மனமிரங்கி உதவுவான். அப்படி இடித்துரைக்கும் நண்பனிடம் தலைவன் பேசும் பாட்டு ஒன்று குறுந்தொகையில் உண்டு, பாடியவர் வெள்ளிவீதியார். வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெய் உருகிப் பரவுகிறது. கையும் இல்லாத, வாயும் பேசாத ஒருவன் அதைக் கண்ணாலேயே காவல் காக்கிறான். என் நோயும் அப்படித்தான் பரவிவிட்டது என்கிறான் தலைவன். இருந்தாலும் அவனுக்கு அதைச் சொல்ல ஒரு பாங்கன் இருந்தான். நான் பேசிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. யாரிடம் சொல்லி ஆற வேண்டுமோ அவனே காதலிக்கப்படுபவன். யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவனே கேட்க வேண்டியவன்.

இனி, எப்படி மறைக்கிறான் என்பது. இதைப் பற்றி நேரடியாக ஆராய்ந்தவர்கள் மிகக் குறைவு. வனெஸா பான்ஃபில் என்ற அமெரிக்கக் குற்றவியலாளர், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், கும்பல்களோடும் குற்றங்களோடும் தொடர்புடைய, தன்பாலீர்ப்பு கொண்ட 53 இளைஞர்களிடம் பேசி எழுதிய ஆய்வு 2017-இல் நூலாக வந்தது. தன்பாலீர்ப்பினரே நிறைந்த கும்பலில் இருப்பவன் ஒளிக்க வேண்டியதில்லை. மற்றக் கும்பல்களில் இருப்பவன் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேச வேண்டியிருக்கிறது. கேலி செய்தவனைத் திருப்பி அடித்து, ‘இவனிடம் வாய் கொடுக்கக் கூடாது’ என்று பெயர் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. கொலம்பஸ் வேறு, எல் சால்வடோரின் தலைநகரான சான் சால்வடோர் வேறு. கொலம்பஸில் ஏளனத்தில் முடியக்கூடியது சான் சால்வடோரில் குழியில் முடியும். ஆனால் மறைப்பின் உழைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். காதலி என்று காட்டிக்கொள்ள ஒரு பெண் வேண்டும். நண்பன் இன்னொரு பெண்ணோடு போவதை மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக் கேட்க வேண்டும். யாராவது ஒருவனைப் ‘பெண்மை கலந்தவன்’ என்று ஏசினால் எல்லோருக்கும் முந்தி, எல்லோரையும்விட உரக்க ஏச வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில் நான் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் இரக்கத்துக்குச் சோதனை வருகிறது. எல் சால்வடோரில் திருநங்கையரையும் தன்பாலீர்ப்பினரையும் மாராக்கள் மிரட்டிப் பணம் பறித்தன, ஊரைவிட்டு ஓட வைத்தன, கொன்றன. தன் நெஞ்சில் இருப்பதை மறைக்க வேண்டியவன் அந்தக் கொடுமைகளில் பின்னால் நிற்க முடியாது. பின்னால் நிற்பவன்மீதுதான் சந்தேகம் விழும். அவன் ஒரே சமயத்தில் அந்தச் சட்டத்தின் பலியாகவும் ஏவலாளாகவும் இருக்கிறான். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது எளிது. அந்த எளிமையை இந்த மேடையில் நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

இப்போது தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருகிறேன்: பயம் யாருக்காக? ‘பார், கேள், வாயை மூடு’ என்பது மாராக்கள் குடியிருப்புகளுக்கு விதித்த சட்டம். அது வெளியாருக்கு. உள்ளே இருப்பவனுக்கு நேர்மாறான சட்டம்: தெரிந்ததை மேலே சொல்லியாக வேண்டும். ஒருவன் தன் நண்பனிடம் மனம் திறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணமே நண்பனுக்கு முன்னே இரண்டு வழிகள்தாம் உண்டு. மேலிடத்தில் சொன்னால் இவன் சாவான். தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு, விசுவாசத்தை நிரூபிக்க, அந்த நண்பன் கையிலேயே வந்து சேரலாம். சொல்லாமல் இருந்தால் நண்பனும் உடந்தை. அவனும் இவனை நேசித்தால் நிலைமை இன்னும் மோசம். எனவே இவன் வாய் திறக்காமல் இருப்பதில் தன்னுயிர்மீதுள்ள ஆசை பாதி என்றால், மறுபாதி நண்பனை அந்தக் கத்தியின் முன்னே நிறுத்தக் கூடாது என்ற எண்ணம். மாராவில் ஒருவன் தன் காதலனுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் அவனிடம் சொல்லாமல் இருப்பது.

கூட்டாளிகளே தண்டனையை நிறைவேற்றுவார்கள் என்பது கற்பனை அன்று. எல் சால்வடோரை விட்டு ஒரு நிமிடம் நியூ ஜெர்சிக்கு வாருங்கள். டெகாவல்கான்டே என்ற மாஃபியா ‘குடும்பத்தின்’, அதாவது குற்றக் கும்பலின், பொறுப்புத் தலைவராக இருந்த ஜான் டி’அமாட்டோ ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்ற செய்தியை, சண்டையிட்டுப் பிரிந்த அவருடைய காதலி வெளியிட்டார். 1992 ஜனவரியில், தன் ஆட்களே ஓட்டிய காரில் டி’அமாட்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. சுட்டவர்களில் ஒருவரான ஆந்தனி கேப்போ, பின்னாளில் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, 2003-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் காரணத்தைச் சொன்னார். அப்படிப்பட்ட ஒருவர் தலைவராக உட்கார்ந்து மற்றக் குடும்பங்களோடு பேசினால் தங்களை யார் மதிப்பார்கள் என்பதே அந்தக் காரணம்.

தலைவனாக இருந்தால் தப்பலாம் என்று நினைப்பவர்கள் லண்டன் கும்பல் தலைவர் ரோனி க்ரேயைக் காட்டுவார்கள். 1960-களில், ஆணும் ஆணும் உறவு கொள்வதை இங்கிலாந்தின் சட்டமே குற்றமென்று தண்டித்த காலத்தில், ரோனி க்ரே தன் விருப்பத்தைப் பெரிதாக மறைக்கவில்லை. அவரது ஆட்களும் முகம் சுளிக்கத் துணியவில்லை. ஆனால் க்ரே கும்பல் இரட்டைச் சகோதரர் இருவரின் சொந்தக் கடை. டி’அமாட்டோவுடையது வேறு குடும்பங்களின் மதிப்பீட்டில் பிழைக்கும் நிறுவனம். மாராக்கள் இரண்டாவது வகை.

கும்பலை விட்டு விலகிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாராக்களில் விலகுவதற்கு ஏறக்குறைய ஒரே வாசல்தான் இருந்தது, சுவிசேஷத் திருச்சபையின் வாசல். மனந்திரும்பியவனைக் கும்பல் விட்டுவிடும். ஆனால் மெய்யாகவே திருந்தினானா என்று கண்காணித்துக்கொண்டே இருக்கும். குடித்தால், பெண்களிடம் திரிந்தால், வேடம் கலைந்தது என்று தீர்ப்பு வரும். நாட்டின் கிழக்கே மொராசான் மாவட்டத்திலுள்ள சான் ஃபிரான்சிஸ்கோ கோட்டேரா சிறையில் பாரியோ 18-ஐச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இப்படி மனந்திரும்பினார்கள். சிறைக்கூடமே ஜெபக்கூடம் ஆயிற்று. கொலைகளை ஒப்புக்கொண்டு அழுதவர்களுக்கு அங்கே மன்னிப்பு உண்டு.

அந்தச் சிறைக்குள் படமெடுத்து மார்லென் வினயோ 2020-இல் வெளியிட்ட குறும் ஆவணப்படத்தின் பெயரே ‘மன்னிக்க முடியாதது’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். அதன் நாயகன் பாரியோ 18-க்காகக் கொலைகள் செய்தவன். அவன் அடைபட்டிருப்பது, தன்பாலீர்ப்பினர் என்பதால் மற்றக் கைதிகளிடமிருந்து பிரிக்கப்பட்டவர்களுக்கான தனிக் கொட்டடியில். அவன் நேசிப்பவனும் அங்கேதான் இருக்கிறான். கொலைகளைப் பற்றி அவனால் பேச முடிகிறது; அவற்றைக் கேட்டுச் சபையும் கும்பலும் தூக்கம் இழக்கவில்லை. இந்த நேசத்தை மட்டும் இரண்டும் ஒரே குரலில் மறுக்கின்றன. ஒன்றையொன்று எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு அதிகாரங்கள் இந்த ஒரு விஷயத்தில் கைகுலுக்கிக்கொள்வதை நான் வேறெங்கும் இவ்வளவு துலக்கமாகக் கண்டதில்லை. தண்டனையாகக் கொடுக்கப்பட்ட அந்தத் தனிக் கொட்டடிதான், அவர்கள் ஒளிக்காமல் இருக்கக் கிடைத்த இடமும்.

2022 மார்ச் மாதம் மூன்று நாள்களில் 87 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. அதன்பின் 80,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தெருக்களில் மாராவின் ஆட்சி ஓய்ந்தது. மாமூல் கட்டி நொந்த மக்கள் மூச்சு விட்டார்கள், அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் விசாரணையின்றி அடைபட்டவர்களும் அவர்களில் உண்டு. மாதக்கணக்கில் பெண்கள் சிறைவாசல்களில் உணவும் துணியும் அடங்கிய பொட்டலங்களோடு நின்று, தங்கள் ஆள் எந்தச் சிறையில், உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார்கள். தாய் கேட்கலாம், மனைவி கேட்கலாம், உடன்பிறந்தவள் கேட்கலாம். தேடலில் அகப்படாமல் தப்பிய கூட்டாளி ஒருவன், உள்ளே போய்விட்ட நண்பனைப் பற்றி அந்த வரிசையில் நின்று என்ன உறவென்று சொல்லிக் கேட்பான்? ‘நண்பன்’ என்று சொன்னாலே போதும், அவனையும் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள்.