'டெலி' என்ற முன்னொட்டு எங்கிருந்து வந்தது?

(திரையில்: டெலிபோன், டெலிவிஷன், டெலஸ்கோப், டெலிகிராம். நான்கிலும் தொடக்கம் மட்டும் சிவப்பில்.)

வணக்கம். இந்த நான்கு சொற்களும் நம் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்டன. நான்கின் தலையிலும் இருக்கும் 'டெலி' பழைய கிரேக்கச் சொல். கிரேக்கத்தில் 'தேலெ' என்றால் தொலைவில், எட்டத்தில்.

ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒடிசியஸின் மகன் பெயர் தெலெமாகஸ். 'மாகே' என்றால் போர். எட்டத்தில் போரிடுபவன் என்று பொருள். தந்தை டிராய்ப் போருக்குக் கிளம்பியபோது அவன் கைக்குழந்தை. எட்டத்தில் போரிடப் போனவரின் மகனுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

அறிவியலுக்கு இந்தச் சொல் வந்தது ஒரு விருந்தில். 1611இல் ரோமில் கலிலியோவுக்கு விருந்து வைத்தார்கள். அவருடைய கருவிக்கு அங்கே 'டெலஸ்கோப்' என்ற பெயர் சூட்டப்பட்டது. எட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவுவது. பெயரைக் கண்டுபிடித்தவர் தெமிசியானி என்ற கிரேக்க அறிஞர்.

(திரையில்: கோபுர உச்சியில் மரக்கைகள் அசைகின்றன.)

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. பிரான்சில் கிளோத் ஷாப் என்பவர் கோபுரங்களின் மேல் பெரிய மரக்கைகளைப் பொருத்தினார். கைகள் நிற்கும் கோணம்தான் செய்தி. அடுத்த கோபுரத்தில் இருப்பவர் அதைப் பார்த்து, தன் கோபுரத்தின் கைகளையும் அப்படியே திருப்புவார். பார்ப்பது எதன் வழியாக? டெலஸ்கோப் வழியாக! ஒரு 'டெலி' இல்லாமல் இன்னொரு 'டெலி' நடக்காது. 1794இல் பாரிசுக்கும் லீல் நகரத்துக்கும் இடையே இது ஓடத் தொடங்கியது. ஷாப் முதலில் வைத்த பெயருக்கு 'வேகமாக எழுதுவது' என்று பொருள். அப்புறம்தான் அது 'டெலிகிராஃப்' ஆனது, அதாவது எட்டத்தில் எழுதுவது. மின்சாரத் தந்தி வந்தபோது பெயர் தயாராக இருந்தது.

'டெலிவிஷன்' 1900இல் பாரிசில் பிறந்த சொல். பாதி கிரேக்கம், பாதி லத்தீன்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 'டெலியாலஜி' என்ற தத்துவச் சொல்லில் இருப்பது இந்த 'டெலி' இல்லை. அது 'தெலொஸ்', அதாவது முடிவு, நோக்கம்.

சரி, தமிழுக்கு வருவோம். தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி. பொருளும் பொருந்துகிறது, ஒலியும் கிட்டத்தட்ட பொருந்துகிறது. அதனால் 'தேலெ'யும் 'தொலை'யும் ஒரே வேர் என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. கிரேக்கத்தின் ஏயோலிய வட்டார வழக்கில் இதே சொல் 'பேலுய்' என்று பகரத்தில் தொடங்குகிறது. முதல் ஒலி ஆதியில் தகரமே இல்லை. இரண்டு மொழியிலும் ஒலி ஒத்துவந்தது தற்செயல்.

டெலிகிராஃபுக்கு மட்டும் நம்மவர்கள் தொலைவைப் பார்க்கவில்லை. தூணுக்குத் தூண் ஓடிய கம்பியைப் பார்த்தார்கள். வீணையில் கட்டுகிற கம்பியின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: தந்தி.