சாக்கடையில் வளரும் கட்லா

வணக்கம். சாக்கடைத் தண்ணீரில் மீன் வளர்க்கிறார்கள் என்று சொன்னால் முகம் சுளிப்பீர்கள். நானும் சுளித்தவன்தான். ஆனால் கொல்கத்தாவில் பல தலைமுறையாக அப்படித்தான் நடக்கிறது, அந்த ரோகுவையும் கட்லாவையும்தான் ஊர் சாப்பிடுகிறது.

கொல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது, ஊரின் சரிவோ கிழக்குப் பக்கம். அதனால் கழிவுநீர்க் கால்வாயைக் கிழக்கே வெட்டி வித்யாதரி ஆற்றில் விட்டார்கள். அந்த ஆறு தூர்ந்து செத்துப்போக, பக்கத்திலிருந்த உப்பு ஏரிகளில் கழிவுநீரைத் திருப்பி மீன் விட்டுப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. அந்தக் குளங்களுக்கு அங்கே ‘பேரி’ என்று பெயர், நம் முரசு இல்லை. பேரி, வயல், காய்கறித் தோட்டம் எல்லாம் சேர்த்து 12,500 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கென்று இருக்கிற ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்ந்தது.

இதில் சூட்சுமமே குளம் ஆழமில்லாமல் இருப்பதுதான். இறங்கி நின்றால் இடுப்பு, மிஞ்சினால் நெஞ்சு. வெயில் நன்றாக உள்ளே இறங்கும், பாசி பிடிக்கும், பாசி பகலில் ஆக்சிஜனை விடும், அந்த ஆக்சிஜனை வைத்துக்கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று தீர்க்கும். சரி, பாசி அளவுக்கு மீறிப் பெருகினால்? ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடிந்தால் மீன் செத்து மிதக்கும். பாசியைத் தின்று அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதும் மீன்தான். அப்புறம், நாம் ஏரியில் பார்த்தாலே பொக்லைன் வைத்து அள்ளுகிற ஆகாயத்தாமரையை அவர்கள் கரையோரமாக மூங்கில் கட்டி, பரவ விடாமல், ஆசையாக வைத்திருக்கிறார்கள். அலை மோதிக் கரை அரிக்காது, வேர் உலோகங்களையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இப்படிக் குளத்தில் சுத்தமாகிவிட்ட தண்ணீர் கடைசியில் நெல்வயலுக்குப் போகிறது.

சதுப்பு நிலம் என்றால் வேலி போட்டுப் பறவை பார்க்கிற இடம் என்ற நினைப்பு நமக்கு உண்டு. இங்கே அப்படியில்லை. குளிர்காலத்தில் தண்ணீரை வடித்து, தரையை வெயிலில் காயப்போட்டு, சேற்றைக் கிளறி, கழிவுநீர் விட்டு, சில வாரம் காத்திருந்து, அதன் பிறகுதான் மீன்குஞ்சு விடுகிறார்கள். தண்ணீர் பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று நிறத்தையும் வாடையையும் வைத்தே சொல்லிவிடுவார்கள்.

1980களில் இதை உலகத்துக்கு விளங்கவைத்தவர் துருவஜோதி கோஷ் என்ற அரசாங்கப் பொறியாளர். கழிவுநீருக்கு வழி தேடிக் கால்வாயோரமாகவே போனவர், தான் தேடிய சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் இந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்றக்கூடாது என்று சொன்னது. ஆனாலும் பேரியைத் தூர்த்து மனையாக்குவது நிற்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்தப் பாசியும் மீனும் வீட்டுச் சாக்கடைக்குத்தான் சரிப்படும். தோல் பதனிடும் இடத்திலிருந்து வருகிற குரோமியத்தை எந்த பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. சேற்றில் தங்கும், கொஞ்சம் மீனிலும் ஏறும். பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைப் பட்டறை வாசலிலேயே பிரித்தெடுத்தாக வேண்டும், கால்வாயில் கலந்துவிட்ட பிறகு பேரிக்காரர் எவ்வளவு முகர்ந்து பார்த்தாலும் அது வாடையில் தெரியாது.