கணிதத் துறைக்கு ஓர் அலமாரி

தலைவர் அவர்களே, என்னை நினைவு வைத்து அழைத்த முதல்வர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய கணிதத் துறைத் தலைவர் அவர்களே, மைக்கோடு மல்லுக்கட்டிய தம்பியே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அழைப்பிதழில் மூன்று விஷயம் போட்டிருக்கிறார்கள்: எதிர் வளைவுப் பரப்பு (குதிரைச் சேணம்போல ஒரு திசையில் மேலும் மறு திசையில் கீழும் வளைவது), சொலிட்டான் அலை, சோப்புக் குமிழி. பார்ப்போம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை.

போன மாதம் என் மனைவியிடம், குரோஷாவில் வட்டமாகப் பின்னச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று கண்ணுக்கு ஒரு கண் கூட்ட வேண்டும். "நெளியுமே" என்றார். "நெளியட்டும்" என்றேன். சில சுற்றுகளில் ஓரம் கோழிக்கொண்டைப் பூவாகச் சுருண்டுவிட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதர் டைனா டைமினா 1997-இல் செய்து காட்டிய வித்தை இது. பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்தால், பக்கத்து இருக்கை அம்மா வாங்கித் தடவிப் பார்த்து, "பேத்திக்குக் குல்லாவா?" என்றார். "இல்லைம்மா, எதிர் வளைவுப் பரப்பு." "அப்படியா, எந்தக் கடையில்?"

சிரிக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் கணிதர் பெல்ட்ராமி இதே பரப்புக்குக் காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த மாதிரி வடிவம் இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் செல்லப் பெயரே 'பாட்டியின் குல்லா'தான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். மாறாத எதிர் வளைவுள்ள பரப்பில், ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் பக்கமும் குனியாத இரண்டு திசைகள் உண்டு. அவற்றின் இடைக்கோணத்தை ஒரு திசையில் வகையிட்டு, அதாவது அது மாறும் வேகத்தைக் கண்டு, அப்புறம் மறு திசையிலும் வகையிட்டால், அதே கோணத்தின் சைன் வரும். 1862-இலேயே பிரெஞ்சுக் கணிதர் பூர் எழுதிய சமன்பாடு இது. இன்று பெயர் சைன்-கார்டன். ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்பைச் செய்யும் வழியை ஸ்வீடன் கணிதர் பேக்லண்ட் கண்டார். வெறும் நேர்கோட்டையே பரப்பாக வைத்துத் தொடங்கினால், இரண்டு நாதஸ்வர அணசுகளை வாயோடு வாய் வைத்த வடிவம் கிடைக்கும்.

கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஊசல்களுக்கும் இதே சமன்பாடுதான். அங்கே ஊசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்ற, ஒரு முறுக்கு அலையாக ஓடும். எதிரே வரும் முறுக்கில் புகுந்து, உரு மாறாமல் வெளியே வரும். அதுதான் சொலிட்டான், 1965-இல் ஜபுஸ்கி, குருஸ்கல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வைத்த பெயர். நம் அணசு வடிவத்தின் கோணக் கணக்கே, நின்ற இடத்தில் நிற்கும் ஒற்றைச் சொலிட்டான். ஏட்டில் நூறு வருடம் கிடந்த சுரைக்காய் கறியாகிவிட்டது! என் பழமொழிக்குக் கொஞ்சம் இடிக்கிறது, இருக்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். சோப்புக் குமிழி இன்னொரு நாள். முதல்வர் அம்மா, நான் கேட்பது ஓர் அலமாரி. நூல் உருண்டை, அட்டை, கத்தரி, பசை. மாணவர்கள் கையால் செய்ததை அடுக்க நான்கு தட்டு. ஏட்டுச் சுரைக்காய்க்கு நூலகம் இருக்கிறது அல்லவா?

இந்தாருங்கள், இந்தப் பின்னலை முன் வரிசையிலிருந்து கை மாற்றிக்கொண்டே போங்கள். மறக்காமல் திருப்பித் தாருங்கள், வீட்டில் கேட்பார்கள்.