பிக்கப் ரிமோட் ஸ்டார்ட் ஆகவில்லை: மாட்யூல் போகவில்லை, ஒரு போல்ட்டும் ஒரு சுவிட்சும்தான்

வணக்கம் மக்களே. கனடாவின் எட்மண்டனில் இன்றைக்கு மைனஸ் 27. கராஜுக்குள்தான் நிற்கிறேன், ஆனாலும் குரல் கொஞ்சம் நடுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ரிமோட் ஸ்டார்ட் என்பது இந்த ஊரில் ஆடம்பரம் இல்லை. சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டே பொத்தானை அமுக்கினால் வெளியே வண்டி தானாக ஓட ஆரம்பிக்கும், ஹீட்டர் போடும், கண்ணாடியில் பிடித்த பனியை இளக்கும். கதவு பூட்டியபடியே இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் போய் ஏறினால் ஸ்டியரிங்கைக் கையால் தொட முடியும். அது இல்லாமல் பத்து நாள் ஓட்டினேன். என் அனுபவத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நடந்தது இது. 2014 மாடல் பிக்கப். ஒரு வியாழக்கிழமை காலையில் ரிமோட்டை அமுக்கினேன். இண்டிகேட்டர் கண் சிமிட்டியது, எஞ்சின் வரவில்லை. சாவி போட்டுத் திருப்பினால் டேஷ்போர்டு முழுக்க கார்த்திகை தீபம். ஏபிஎஸ், ஏர்பேக் என்று எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. எஞ்சின் ஓடி ஒரு நிமிடத்தில் பாதி அணைந்தன. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார், கோடு (வண்டி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு) படித்தார், "பாடி கண்ட்ரோல் மாட்யூல் போச்சு, புரோகிராமிங்கோடு சேர்த்து 1,400 டாலர்" என்றார். பூட்டு, விளக்கு, ரிமோட் மாதிரி வேலைகளைக் கவனிக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் அது. மல்டிமீட்டரை அவர் கையில் எடுக்கவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அவர் படித்த கோடு U0140. 'யு'வில் தொடங்கினால் அது தகவல்தொடர்புக் கோடு. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்றால், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிறார்கள், ஒரு பையன் மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்லவில்லை. அந்தப் பையன்தான் பாடி கண்ட்ரோல் மாட்யூல். மற்ற மாட்யூல்கள் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் புகார்தான் இந்தக் கோடு. பையன் தூங்கியிருக்கலாம், குரல் எழும்பாமல் இருக்கலாம், வாசலில் யாராவது மறித்திருக்கலாம். பதில் வரவில்லை என்பதற்காக நேராக இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்வார்களா?

சரி, முதலில் மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் ஒயரைப் பார்த்தேன். கேன் என்று சொல்வார்கள். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. முறுக்கிய இரண்டு ஒயர், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் சாக்கெட்டில் மேல் வரிசையில் 6-ஆம் பின், நேர் கீழே 14-ஆம் பின். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். இரண்டு 120 பக்கவாட்டில் சேர்ந்தால் 60 வர வேண்டும். 120 காட்டினால் ஏதோ ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஒயர் ஷார்ட். எனக்கு 60.4 வந்தது. அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. புது வண்டிகள் பலவற்றில் சாக்கெட்டுக்குப் பின்னால் வாசல்காவலன் மாதிரி கேட்வே மாட்யூல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அப்போது இந்த அளவு அந்தக் கிளைக்கு மட்டும்தான் பொருந்தும், முழு வண்டிக்கும் இல்லை.

அடுத்தது பேட்டரி. முதலில் பேட்டரியைத்தான் பார்த்திருக்க வேண்டும், அவசரத்தில் தாண்டிவிட்டேன். வண்டி சும்மா நிற்கும்போது 12.2 வோல்ட். முழு சார்ஜ் என்றால் 12.6 இருக்கும், 12.2 என்றால் பாதிதான். ஏன் பாதி? இதோ இந்தக் குட்டிப் பெட்டி. போனில் எஞ்சின் சூடு பார்க்க நானே வாங்கி அதே சாக்கெட்டில் செருகிவிட்டு மறந்த புளூடூத் டாங்கிள். வண்டியை அணைத்த பிறகும் மாட்யூல்களைத் தூங்க விடாமல் தாலாட்டுக்குப் பதில் கதை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து கசியும் கரண்டை அளக்கும்போது பொறுமை வேண்டும். மாட்யூல்கள் உடனே தூங்காது. நான் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். டாங்கிளோடு 180 மில்லிஆம்பியர், பிடுங்கிய பின் 30. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. பானட்டைத் திறந்து வைத்து அளப்பதால் அதன் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியது மாதிரி வண்டியை நம்ப வைக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இரவு முழுக்க சார்ஜ் போட்டேன். கிராங்க் அடிக்கும்போது, அதாவது ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும்போது, பேட்டரி 10.1 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. இந்தக் குளிருக்கு அது நல்ல எண். ஆனாலும் தீபத் திருவிழா நிற்கவில்லை. அப்புறம்தான் எர்த் பக்கம் போனேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன், இன்னொன்றை கேபின் தகட்டில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் முழு வேகத்தில். எர்த் சுத்தமாக இருந்தால் அங்கே 0.1 வோல்ட்கூட வரக் கூடாது. எனக்கு 0.7. ஓம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும். கரண்ட் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கீழே படுத்துப் பார்த்தால் இதுதான். ஃபிரேமில் எர்த் கேபிள் இறங்கும் போல்ட். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். போல்ட்டைச் சுற்றித் துரு, கேபிள் வளையத்தில் பச்சைக் களிம்பு. கிராங்க் அடிக்கும்போது பேட்டரி ஏற்கெனவே 10-க்கு இறங்கிவிடுகிறது. மாட்யூலுக்குப் போக வேண்டிய அந்தப் பங்கிலும் இந்தத் துரு கை வைத்தால் அது மயங்காமல் என்ன செய்யும்? மற்றவர்கள் உடனே புகார் எழுதுகிறார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன், புது போல்ட் போட்டேன், மேலே கிரீஸ் தடவினேன். இப்போது 0.04. கோடுகளை அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினேன், ஒன்றுகூடத் திரும்பவில்லை. செலவு நாலு டாலரும் ஒரு ஜாக்கெட்டும். ஜாக்கெட் இனி வெளியே போடும்படி இல்லை.

ஆனால் ரிமோட் ஸ்டார்ட்? அது இன்னும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் கொஞ்சம் சோர்ந்துவிட்டேன். 1,400 டாலர் மனிதர் சொன்னது சரியோ என்றுகூடத் தோன்றியது.

கம்பெனியே வைத்த ரிமோட் ஸ்டார்ட் ஒரு சந்தேகப் பேர்வழி. கதவு பூட்டியிருக்கிறதா, கியர் பார்க்கில் இருக்கிறதா, பிரேக்கை யாராவது மிதிக்கிறார்களா, ஹஸார்டு விளக்கு எரிகிறதா, செக் எஞ்சின் விளக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். ஒன்றுக்குத் தப்பான பதில் வந்தாலும் ஓடாது. பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாததால் செக் எஞ்சின் எரிந்து, அதனால் ரிமோட் நின்றுபோன வண்டிகள் உண்டு. வெளிக்கடையில் போட்ட ரிமோட் ஸ்டார்ட் என்றால் கதை வேறு: சாவி இல்லாமலேயே ஸ்டார்ட் ஆக வண்டியின் திருட்டுத் தடுப்பைச் சமாளிக்க டேஷ்போர்டுக்கு அடியில் செருகிய பைபாஸ் பெட்டியும் அதன் இணைப்புகளும்தான் முதல் சந்தேகம்.

இந்தக் கேள்விகளுக்கு வண்டி என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பார்க்கலாம். எல்லாம் சரி. பானட் மட்டும் 'திறந்திருக்கிறது'. ஆமாம், திறந்துதானே இருக்கிறது என்று ஸ்க்ரூடிரைவரால் பூட்டைத் தள்ளினேன். இன்னும் 'திறந்திருக்கிறது'. மூடிப் பார்த்தேன், அப்போதும் அதேதான். பூட்டுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் செத்திருந்தது. அதே உப்பு, அதே களிம்பு. புதுப் பூட்டு 60 டாலர், மூன்று போல்ட்.

அந்த சுவிட்சை ஏமாற்ற ஒயரை முறுக்கிவிடச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. வேண்டாம். பெல்ட்டுக்குப் பக்கத்தில் உங்கள் கை இருக்கும்போது வீட்டுக்குள் குழந்தை ரிமோட்டை அமுக்கக்கூடாது என்பதற்காக வைத்த சுவிட்ச் அது.

மாட்யூல் நிஜமாகவே சாகாதா? சாகும், முக்கியமாகத் தண்ணீர் போனால். பிக்கப்பில் கேபினுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் ரப்பர் சீல் காய்ந்து உள்ளே ஒழுகுவது அடிக்கடி நடக்கும். மின்சாரம் வருகிறது, எர்த் நன்றாக இருக்கிறது, கேன் ஒயர் இரண்டும் சரி, அப்படியும் பதில் இல்லை என்றால் மட்டும் மாட்யூலைத் தூக்குங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றியது மலிவு என்று வாங்கினால் பெரும்பாலும் அப்படியே செருகி ஓட்ட முடியாது. உங்கள் வண்டி எண்ணையும் சாவியையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சரி, கராஜ் கதவை முழுக்கத் திறக்கிறேன். மூடிய கராஜில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். ரிமோட்டைத் தெரியாமல் அமுக்கினாலும் அதே கதிதான். இப்போது லாக், அப்புறம் ஸ்டார்ட்... சிமிட்டுகிறது... வந்துவிட்டது! கேட்கிறதா? அணைக்கிறேன். இன்னொரு முறை. ஓடுகிறது. அணைத்துவிட்டு மூன்றாவது... பாருங்கள், வரவில்லை. பயப்படாதீர்கள், இந்த வண்டியில் இரண்டு முறைதான் கணக்கு. சாவியைப் போட்டு ஒரு தடவை திருப்பினால் மறுபடி இரண்டு கிடைக்கும்.