ஒரே தானில் எடுத்த துணி

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். கிறிஸ்துமஸ் பரிசில் நியாயம் என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி கொடுப்பதா, தேவை பார்த்துக் கொடுப்பதா என்பது தலைப்பு. நான் ஒரே மாதிரி என்கிற அணி.

காலேஜ் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே பொருளா என்று எதிரணித் தோழி கேட்டுவிட்டுப் போனார். சரி, காலேஜ் பிள்ளைக்கு லேப்டாப் வேண்டுமா, காலேஜில் சேரும்போது வாங்கிக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? அதை ஏன் டிசம்பர் 25 அன்று மற்ற பிள்ளைகள் பார்க்கப் பார்க்கக் கொடுக்க வேண்டும்?

எனக்கு 9 வயது. பாளையங்கோட்டையில் ஆச்சி வீடு. அதிகாலை ஆராதனை முடிந்து வந்து கிறிஸ்துமஸ் மரமாக நட்ட சவுக்குக் கிளையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம், துபாயிலிருந்து வந்த மாமா பெட்டியைத் திறக்கிறார். பெரியம்மா மகனுக்கு ரிமோட் கார். எனக்குப் பென்சில் பாக்ஸ். அந்த வருஷம் அப்பாவுக்கு வேலை இல்லை, என்னிடம் நல்ல பென்சில் பாக்ஸும் இல்லை, மாமா தேவை பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் அம்மா அந்தப் பளபளத் தாளைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் நீவி நீவி நாலாக மடித்துக்கொண்டே இருந்தார்கள், நிமிரவே இல்லை. தேவை பார்த்துக் கொடுப்பது என்றால், இந்த வீட்டில் இல்லாதவன் யார் என்று எல்லார் முன்னாலும் எழுதி ஒட்டுவது, நடுவர் அவர்களே!

பைபிளில் ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் பிள்ளைகளில் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்து போட்டார். அண்ணன்மார் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கே மூலமான மீரா பட்டணத்து பிஷப் நிக்கொலாஸ், ஓர் ஏழையின் 3 பெண்களுக்கும் ஆளுக்கொரு பொற்காசுப் பை, அதுவும் இரவில் யாருக்கும் தெரியாமல், வீட்டுக்குள் போட்டார் என்று சொல்வார்கள். ஆளுக்கு ஒன்று, கூட இல்லை, குறைய இல்லை.

பெரியவர்களுக்குள் போன வருஷம் அவர்கள் என்ன செய்தார்கள், நாம் என்ன செய்ய என்று மொய்நோட்டுக் கணக்கு ஓடும். ஓடட்டும். அது பிள்ளைகள் கையில் வந்து விழக்கூடாது.

வயசு வித்தியாசத்தை என்ன செய்வது என்றால், ஆச்சி செய்ததுதான். நவம்பரிலேயே ஒரே தானில் துணி எடுத்து, மகன் பிள்ளை மகள் பிள்ளை என்று பார்க்காமல் பையன்களுக்குச் சட்டை, பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை. உயரம், பருமன் எல்லாம் தையற்காரர் டேப்போடு முடிந்தது. அந்தத் துணியில் ஆலயத்தில் வரிசையாக உட்கார்ந்தபோது, யார் அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் 11 பிள்ளைகள். நீலக் கட்டம் போட்ட துணி ஒரே தானில் எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. இன்ஜினியரிங் படிக்கிற தங்கை மகளுக்குக் கால்குலேட்டர் வேண்டுமாம், அதையும் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன், ஜனவரியில் காலேஜ் திறக்கிற அன்றைக்கு அவள் பைக்குள் இருக்கும். நன்றி, வணக்கம்.