மெயில் பெட்டி நிரம்பினால் சர்வர் என்ன செய்ய வேண்டும்?

[திரை: சிவப்பாக மாறிய சேமிப்பு அளவுக் கோடு, அடியில் காலியான இன்பாக்ஸ்]

"இன்பாக்ஸில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன். ஆனாலும் பெட்டி நிரம்பிவிட்டது என்றுதான் வருகிறது." மெயில் சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. புகார் சொல்பவர் பொய் சொல்லவில்லை. சர்வரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. இருவரும் வேறு வேறு இடத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

பலர் பங்கிடும் சர்வரில் டிஸ்க் ஒன்றுதான். ஒரே ஒரு கணக்கு அளவில்லாமல் வளர்ந்து டிஸ்க்கை நிரப்பிவிட்டால், பத்து மெயில் மட்டும் வைத்திருப்பவருக்கும் மெயில் வராது. அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு கணக்குக்கும் கோட்டா, அதாவது இவ்வளவு இடம்தான் என்ற வரம்பு.

[திரை: ஃபோல்டர்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் அளவும் பக்கத்தில்]

இன்பாக்ஸ், சென்ட், டிராஃப்ட், ஸ்பாம், ட்ராஷ் என்று பொதுவாக எல்லா ஃபோல்டரும் இந்தக் கோட்டாவில் சேரும். டெலீட் அழுத்தினால் பெரும்பாலான செயலிகளில் மெயில் ட்ராஷுக்குத்தான் போகிறது. இடம் மாறியதே தவிர அளவு குறையவில்லை. மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் இன்னொரு படியும் உண்டு. அழிக்க வேண்டியது என்று முதலில் குறி மட்டும் விழும், அதன்பின் வரும் எக்ஸ்பஞ்ச் கட்டளைதான் உண்மையில் நீக்கும்.

அப்புறம் இணைப்புகள். மெயிலில் போகும் கோப்பு, எதையும் வெறும் எழுத்துகளாக எழுதும் பேஸ்64 குறியீட்டுக்கு மாறுகிறது. 3 பைட் 4 எழுத்தாகிறது. 15 எம்பி கோப்பு 20 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். அதை அதே சர்வரில் இருக்கும் 10 பேருக்கு அனுப்பினால், அனுப்பியவரின் சென்ட் பிரதியும் சேர்ந்து 11 கணக்குகளில் தனித்தனியாக ஏறும். மொத்தம் 220 எம்பிக்கு மேல். பெட்டி நிரம்பிவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் சென்ட் ஃபோல்டரைப் பாருங்கள் என்பேன். அதைத் திறந்து துப்புரவு செய்பவர்கள் மிகக் குறைவு.

[திரை: அனுப்பும் சர்வர், போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் மூன்றும் அம்புக்குறிகளால் இணைந்த படம்]

சரி, கோட்டா தாண்டிய பிறகும் மெயில் வந்தால்? இதைத்தான் அட்மின் கவனமாக முடிவு செய்ய வேண்டும். பலர் பயன்படுத்தும் அமைப்பில் வெளியிலிருந்து மெயிலை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள், பெட்டியில் போடுவது டவ்காட் என்ற மென்பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை முழுதாக வாங்கிக்கொண்ட பிறகு டவ்காட் "இடமில்லை" என்று சொன்னால், அனுப்பியவருக்குத் திரும்பும் மெயிலை நம் சர்வரே எழுத வேண்டியிருக்கும். வந்தது ஸ்பாம் என்றால் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்கு நம் சர்வர் குப்பை அனுப்புகிறது. இது தொடர்ந்தால் நம் சர்வரின் ஐபி முகவரி, ஸ்பாம் அனுப்புபவர்களுக்கான தடைப்பட்டியலில் விழலாம்; அப்போது அந்த சர்வரில் இருக்கும் எல்லாருடைய மெயிலும் மாட்டிக்கொள்ளும். ஒருவர் பெட்டி நிரம்பியதற்கு அத்தனை பேரும் தண்டனை அனுபவிப்பது நியாயமே இல்லை.

ஆகவே வாசலிலேயே மறுக்க வேண்டும். டவ்காட்டில் கோட்டா நிலையைச் சொல்லும் ஒரு சேவை இருக்கிறது. பெறுநர் முகவரியைக் கேட்டவுடனே போஸ்ட்ஃபிக்ஸ் அந்தச் சேவையிடம் விசாரிக்கும்படி அமைத்துவிட்டால், மெயிலின் உள்ளடக்கம் வரும் முன்பே பதில் போய்விடும்.

அந்தப் பதில் 552 என்றால் நிரந்தர மறுப்பு, அனுப்பியவருக்கு உடனே தெரிந்துவிடும். 452 என்றால் தற்காலிக மறுப்பு. அனுப்பும் சர்வர் வரிசையில் வைத்து மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயலும். தினமும் மெயில் பார்ப்பவருக்கு 452 நல்லது, ஓரிரு நாளில் இடம் செய்துவிடுவார், மெயில் தவறாது. யாரும் திறக்காத பழைய கணக்குக்கு 552தான் சரி. காத்திருக்க வைப்பதில் யாருக்கும் பயனில்லை.

[திரை: 80%, 95% கோடுகள்]

இந்த நிலை வருவதற்கு முன்பே எச்சரிக்கை போக வேண்டும். 80 சதவீதத்தில் ஒன்று, 95 சதவீதத்தில் ஒன்று என்று டவ்காட்டில் வைக்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டும் நொடியில் மட்டுமே எச்சரிக்கை கிளம்பும், தினமும் நினைவூட்டாது. இன்னொன்று: எச்சரிக்கை மெயிலுக்குக் கோட்டா தடையாக இருக்கக் கூடாது. இதை விட்டுவிட்டால், நிரம்பிய பெட்டிக்கு எச்சரிக்கையே போய்ச் சேராது.

ட்ராஷில் 30 நாள் கடந்ததைத் தானாக நீக்கும் அமைப்பும் உண்டு. கட்டாயம் வையுங்கள். ஆனால் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். ட்ராஷையே அலமாரியாகப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

சர்வருக்குள் நுழைந்து மெயில் கோப்புகளை நேரடியாக அழிக்காதீர்கள். டவ்காட் வைத்திருக்கும் கணக்கும் டிஸ்க்கில் இருப்பதும் ஒத்துப்போகாது. ஏற்கனவே அப்படி நடந்திருந்தால், கோட்டாவை மறுபடி கணக்கிடும் கட்டளையை அந்தக் கணக்குக்கு ஓட்டுங்கள்.

[திரை: தண்டர்பேர்டில் ஃபோல்டர் பண்புகள்]

எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைப் பயனர்களே பார்க்கவும் வழி உண்டு. ஐமேப்பில் கோட்டாவைக் கேட்டறியும் நீட்சி (கூடுதல் வசதி) 1997லிருந்தே இருக்கிறது, 2022ல் புதுப்பித்திருக்கிறார்கள். சர்வரில் அதை இயக்கிவிட்டால் போதும். தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் இன்பாக்ஸ் மேல் வலது கிளிக் செய்து பண்புகளைத் திறந்தால், கோட்டா என்ற தாவலில் அளவு தெரியும்.