வாசலுக்கு வெளியே நின்ற ஆயா

(தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஆற்றிய உரை)

பிள்ளைகளே, ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஆயாக்களே, தாத்தாக்களே, வணக்கம்.

முன்வரிசை நாற்காலிகளில் 'பெற்றோர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பாதி நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அவற்றில் உட்கார வேண்டியவர்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார்கள். வானம் பார்த்த பூமி சோறு போடாதபோது அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் பஸ் ஏறிய பிறகு, இருட்டோடு எழுந்து வெந்நீர் வைத்து, தலை வாரி, பையை மாட்டி, பிள்ளையைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விடுகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆகையால் இன்று என் பேச்சு மரத்தடிக்குத்தான்.

என் பணிக்காலத்தில் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று, "அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவன் அப்பா வந்தார். இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். இரண்டு நாள் கூலி போயிற்று. பையன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எங்கள் அம்மாவைத்தான் கேட்க வேண்டும், டீச்சர்" என்று வாசலைக் காட்டினார். அந்த அம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பையனுக்கு அம்மை போட்டிருந்ததாம். எந்த நாளில் முத்து இறங்கியது, என்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது, எந்த இரவில் அவன் தூங்காமல் அழுதான், எல்லாவற்றையும் நாள் பிசகாமல் சொன்னார். நான் பையனைத் திருப்பி அனுப்பிய அன்றும் அவர் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'அப்பா அம்மா ஊரில் இல்லை, அதனால் ஆயா பார்த்துக்கொள்கிறார்' என்கிறோம். ஆள் வராத நாளுக்கு அனுப்பிய மாற்று ஆளைப் போல அவரை நினைக்கிறோம். அவர் அப்படி மாற்று ஆள் இல்லை என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டின் ஏயாசி ஏரிப் பக்கம் ஹட்சா என்ற மக்கள் இருக்கிறார்கள். வேட்டையும் தேனும் காட்டுக் கிழங்கும்தான் அவர்கள் பிழைப்பு. கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியல் அறிஞரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1980-களில் அங்கே போய், யார் எவ்வளவு நேரம் உணவு தேடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பிள்ளைகளை எடை போட்டார்கள். தாயின் இடுப்பில் கைக்குழந்தை இல்லாதவரை, பால்குடி மறந்த பிள்ளையின் எடை தாயின் உழைப்பைப் பொறுத்தே ஏறியது. அடுத்த குழந்தை பிறந்ததும் அது மாறிவிட்டது. மூத்த பிள்ளை தேறுவது, பாட்டி எவ்வளவு நேரம் வெயிலில் நின்று கிழங்கு தோண்டுகிறாள் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. பிள்ளை பெறும் வயது கடந்த பிறகும் பெண்கள் பல்லாண்டு வாழ்வது ஏன் என்ற கேள்விக்கு அந்த அறிஞர்கள் இதிலிருந்துதான் ஒரு விடை சொன்னார்கள்: பேரப்பிள்ளைகளைத் தேற்றி வளர்க்கத்தான்.

நம் ஊரில் இதை அறியத் தராசு வேண்டியதில்லை. தம்பி பிறந்த வாரத்திலேயே மூத்தது தலையணையை எடுத்துக்கொண்டு ஆயாவின் பாய்க்குப் போய்விடும்.

அந்தப் பாயில் நடப்பதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் ஒரு கதையை முன்பின் மாறாமல், நடுவில் விட்டுவிடாமல் சொல்கிற பிள்ளையிடம், "இரவில் யார் பக்கத்தில் படுப்பாய்?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஆயா பக்கத்தில்" என்றுதான் பதில் வரும். 'பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்து, அது என்ன?' என்று கேட்டு, பிள்ளை வெண்டைக்காயைக் கண்டுபிடிக்கும்வரை ஆயா காத்திருப்பார். எங்களுக்குப் பாடத்தை முடிக்கிற அவசரம், தாய்க்கு வேலைக்குப் போகிற அவசரம். ஆயாவும் நாளெல்லாம் ஓடுகிறவர்தான். ஆனால் விளக்கணைத்த பிறகு உள்ள அந்த நேரத்தை அவர் பேரப்பிள்ளைக்கென்றே வைத்திருக்கிறார். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். களி வேண்டாம் என்று அழுத பிள்ளையை மடியில் வைத்து, உருண்டை உருண்டையாக உருட்டி ஊட்டிப் பழக்கிய கை யாருடையது என்று அப்படிப் பேசுகிறவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

இது லேசான வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். தேய்ந்த மூட்டோடு ஐந்து வயதுப் பிள்ளையின் பின்னால் ஓடுவது, நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் துணையில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது, பதினான்கு வயதுப் பேத்தியின் கோபத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழிப்பது. தமிழக அரசு 2023-இல் முதியோர் உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதில் எவ்வளவு பேரப்பிள்ளையின் நோட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் போகிறது என்று எந்த ஆயாவையும் கேட்டுப் பாருங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பசித்த பிள்ளைக்கு மட்டும் உதவவில்லை. விடிவதற்குள் அடுப்பூதிக் கொண்டிருந்த கிழவிக்கும் உதவியது.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பாதுகாவலர் யார்? பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அப்படியானால் மரத்தடியில் இருக்கும் இந்த அம்மாக்கள் யார்? கூட்டத்துக்கு இவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். கைநாட்டு என்று தயங்காதீர்கள். மதிப்பெண் அட்டையை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறான் என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால் அது உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தலைமையாசிரியர் அனுமதித்தால், முன்வரிசையில் ஒட்டியிருக்கும் அந்தத் தாள்களை இப்போதே எடுத்துவிடலாம். ஆயா, தாத்தா, எழுந்து வாருங்கள். அடுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கும்மி. மரத்தடியிலிருந்து பார்த்தால் மேடையில் இருப்பது யார் பேத்தி என்றே தெரியாது.